கண்ணாயி திரும்ப எடுத்த பிராது

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்கு மேலே இருக்கிற காப்பித் தோட்டங்களில் கார்த்திகை பிறந்து மஞ்சு இறங்கிவிட்டால், பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாது. பழம் எடுக்கப் போகிற பெண்கள் ஆளுக்கு ஒரு நிரையாகச் செடிகளுக்குள் நுழைந்ததும் வெள்ளையாக மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பதற்கு அவள் குரல் ஒன்றுதான் அத்தாட்சி. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தலைநிரையில் இருக்கிறவள் ஒரு கூவல் விடுவாள். அடுத்த நிரைக்காரி பதில் கூவுவாள். அதற்கு அடுத்தவள் அதற்குப் பதில். கடைசி நிரை வரைக்கும் அது போய்ச் சேரும். எந்த நிரையிலிருந்து பதில் வரவில்லையோ அங்கே மேஸ்திரி ஓடுவார். சறுக்கி விழுந்திருக்கலாம், காட்டெருமை குறுக்கே வந்திருக்கலாம்.

அந்தத் தலைநிரை பதினாலு வருடமாகக் கண்ணாயியுடையது.

அவள் கூவினால் எதிர்ச்சரிவில் உள்ள பாறை வரைக்கும் கேட்கும். கீழே எடை போடுகிற கொட்டகையில் உட்கார்ந்து எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஆரோக்கியதாஸ், மத்தியானம் அவள் கூவலைக் கேட்டுத்தான் சோற்று டப்பாவைத் திறப்பார்.

"சங்கு வாங்கற செலவு நம்ம எஸ்டேட்டுக்கு மிச்சம். உன் தொண்டைக்குத் தனியா ஒரு சம்பளம் போடணும் கண்ணாயி" என்பார்.

"போடுங்களேன். யாரு வேண்டாம்னாங்க?" என்பாள் அவள்.

கூவுகிறபோது அவளுக்கு ஒரு நினைப்பு உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை. குரல் வாயைவிட்டுப் போனதும், கூடவே தானும் கொஞ்சம் போகிறோம் என்று தோன்றும். சில்வர் ஓக் மரங்களின் உச்சியைத் தொட்டுக்கொண்டு, நடுவிலிருக்கும் பள்ளத்தின் மேல் மிதந்து, அந்தப் பாறையில் உள்ளங்கை வைத்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி. திரும்பி வருகிற குரல் குளிர்ந்திருக்கும். மஞ்சுக்குள்ளே யாருக்கும் தெரியாமல் அவள் ஒரு நாளைக்கு இருபது முறை அந்தப் பள்ளத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள்.

1993-ஆம் வருடம் டிசம்பர் எட்டாம் தேதி, நிரைக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அவள் புருஷன் சின்னையன் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தான். மயக்க மருந்து கொடுத்த பிறகு மூச்சுக்காக வாய் வழியே தொண்டைக்குள் ஒரு குழாய் இறக்குவார்கள் என்பதை அவனுக்கும் சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை.

மயக்கத்தில் அவள் தோட்டத்தில்தான் இருந்தாள். மஞ்சு எப்போதையும்விடக் கெட்டியாக, தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. அவள் ஒரு மரமாக நின்றாள். ஒரு மிளகுக்கொடி அவள் மேல் ஏறாமல், வாய் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. வலிக்கவில்லை. கடைசி நிரையிலிருந்து கூவல் புறப்பட்டு ஒவ்வொரு நிரையாக அவளை நோக்கி வந்தது. இப்படித் தலைகீழாக வந்ததே இல்லை. பக்கத்து நிரைக்காரி பாவாயியின் கூவலும் வந்துவிட்டது. இனி தன்னுடைய முறை. கண்ணாயி வாயைத் திறந்தாள். கொடி இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கண் விழித்தபோது வயிற்று வலி போயிருந்தது. "தண்ணி" என்று கேட்டாள். உதடுதான் அசைந்தது. கன்றுக்குட்டி மூக்கால் விடுகிற மாதிரி கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான்.

"ஏனுங்க டாக்டர், பேச மாட்டேங்கறாளுங்க" என்று சின்னையன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"அசதி. ரெண்டு நாள்ல வந்துடும்" என்று டாக்டர் நடந்துகொண்டே சொன்னார்.

ஆறு நாள் இருந்தாள். அங்கே ஒரு சின்ன வயது நர்ஸ் மட்டும் தினமும் காலையில் வந்து, "இன்னைக்கு ஏதாச்சும் சத்தம் வருதாக்கா?" என்று கேட்பாள். வராது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவள்தான் சீட்டை எழுதினாள். எழுதி முடித்தபின் யோசித்து, கீழே இன்னும் ஒரு வரி சேர்த்தாள். டாக்டர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

இரண்டு நாள் இரண்டு மாதம் ஆனது. சின்னையன் மலைத்தேன் கொண்டுவந்தான். மிளகுப் பால் காய்ச்சினான். தூதுவளையை அரைத்து அவனே ஊட்டிவிட்டான். குரல் வரவில்லை.

"உன் மாமனுக்கு நல்ல காலம்டி. இனி ஊட்டுல அவரு பேச்சுத்தான்" என்று பாவாயி சிரித்தாள். கண்ணாயியும் சிரித்தாள். சத்தம் இல்லாத சிரிப்பைப் பார்த்ததும் பாவாயிக்குத் தன் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மாசி மாதம் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் கண்ணாடி விட்டுப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் கதவு மாதிரி சேர்த்துக் காட்டினார்.

"குரல் வர்றதுக்கு உள்ள ரெண்டு மடிப்பு இருக்கும்மா. இப்படிச் சேரும், இப்படிப் பிரியும். உனக்கு ஒண்ணு கீல் நழுவின கதவு மாதிரி அசையாம நிக்குது. மூச்சுக்குழாய் போடறப்ப எப்பவாச்சும் இப்படி ஆகறதுண்டு. யார் போட்டாலும் ஆகலாம். ஆனா முதல் பத்து நாளுக்குள்ள பார்த்திருந்தா அதைத் தள்ளி எடத்துல வெச்சிருக்கலாம். இப்போ இறுகிப்போச்சு."

பிறகு அந்த நர்சிங் ஹோம் சீட்டைப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டார். "குழாயை எடுத்ததிலிருந்து நோயாளிக்குக் குரல் இல்லை, டாக்டரிடம் சொல்லப்பட்டதுன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. இதைப் பத்திரமா வெச்சுக்கங்க" என்று சொல்லிச் சின்னையன் கையில் கொடுத்தார்.

சின்னையன் வாழ்நாளில் எந்தக் காகிதத்தையும் பத்திரமாக வைத்ததில்லை. அவன் வீட்டுக் கூரையில் கரையான். மரப்பெட்டியில் எலி. அவனுக்குத் தெரிந்து உலகத்திலேயே பத்திரமான இடம் ஒன்றுதான்.

அவர்கள் ஊருக்கு மேலே, பெரிய பாறைக்கு அடியில், ஒரு கிழட்டு நாவல்மரம் நிற்கிறது. அங்கே இருக்கிற பெரியசாமியிடம்தான் அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் பிராது கட்டுவார்கள். எல்லைக்கல்லை நகர்த்தியவன், பலாப்பழம் திருடியவன், வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன் என்று யார் மேல் பிராது இருந்தாலும், அதற்கு அடையாளமான ஒரு பொருளை மூங்கில் குழாயில் போட்டு, தேன்மெழுகால் வாயை அடைத்து, மரத்தில் தொங்கவிட வேண்டும். காற்றடித்தால் குழாய்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். தூரத்திலிருந்து கேட்கிறவர்களுக்கு யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல இருக்கும்.

சின்னையன் சீட்டையும் பணம் கட்டிய ரசீதையும் சுருட்டிக் குழாயில் போட்டான். பொருத்தமாகவும் இருந்தது. சீட்டின் தலைப்பில் நர்சிங் ஹோமின் பேரும் தெருவும் அச்சடித்திருந்தன. விலாசம் இல்லாமல் சாமி சேலத்தில் யாரைப் போய்ப் பிடிக்கும்?

அடுத்த வருடம் மஞ்சு இறங்கியபோது மேஸ்திரி கண்ணாயியை நிரைக்கு விடவில்லை. "கோவிச்சுக்காத கண்ணு. நீ உளுந்து கெடந்தாலும் எனக்குத் தெரியாதே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவளைக் காப்பி காயவைக்கிற களத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மலையேற முடியாதவர்கள் வேலை செய்தார்கள். பலகை வைத்த கழியால் காப்பிக்கொட்டையை இழுத்து இழுத்துப் பரப்ப வேண்டும். மேலே மஞ்சுக்குள் பெண்கள் கூவுவது கேட்கும். தலைநிரை இப்போது பாவாயியுடையது. பாவாயியின் கூவல் பள்ளத்தின் பாதி வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

கண்ணாயிக்குத் தன் குரல் செத்துப்போனதாகத் தோன்றவில்லை. அது எங்கேயோ போயிருக்கிறது என்றுதான் தோன்றியது. நர்சிங் ஹோமின் பச்சைத் திரைக்குப் பின்னால் நிற்கிறதோ, மலை ஏறத் தெரியாமல் அடிவாரத்தில் சுற்றுகிறதோ. கழியை இழுத்துக்கொண்டே சில நேரம் நின்று எதிர்ச்சரிவைப் பார்ப்பாள். ஒரு தடவை, யாரும் கூவாத நேரத்தில், அந்தப் பாறையிலிருந்து ஒரு கூவல் திரும்பி வந்தது போல இருந்தது. எப்போதோ அனுப்பியது, வழியில் தங்கிவிட்டு இப்போது வருகிறதோ என்று நெடுநேரம் நின்றாள்.

1995 நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம். ஆரோக்கியதாஸ் பேப்பரைத் தூக்கிக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டார்.

"கண்ணாயி, இங்க வா. உன் சங்கதி பேப்பர்ல வந்திருக்கு."

அவள் கழியோடு நின்றாள்.

"உன் பேர் இல்ல. பயப்படாத. டில்லி சுப்ரீம் கோர்ட்டுல சொல்லிட்டாங்க. காசு குடுத்து வைத்தியம் பாத்தவங்க, டாக்டர் கவனக்குறைவா இருந்தா, நுகர்வோர் மன்றத்துல கேக்கலாமாம். இத்தனை நாளா கேக்கலாமா கூடாதான்னு இழுபறியா இருந்துச்சு. இப்ப கேக்கலாம்."

அவள் உதட்டை அசைத்தாள். ஆரோக்கியதாஸ் குனிந்து காதைக் கொடுத்தார்.

"கேட்டா குரல் வருமுங்களா?" என்றாள் காற்றாக.

அவர் பேப்பரை மடித்தார். "வராது" என்றார். "ஆனா யார் பண்ணின தப்புன்னு எழுத்துல வரும்."

அன்று முழுக்க அவள் அதையே நினைத்துக்கொண்டு காப்பியை இழுத்தாள். அந்த இரண்டு வருடத்தில் ஒருவரும் அவளிடம், "ஆமாம், உனக்கு இது எங்களால் ஆனது" என்று சொல்லவில்லை. சரியாகாததற்கு அவள் ஏதோ செய்துவிட்டாள் என்பது போலத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதிகம் கத்தினாள், நாக்கு நீளம், சாமி அடக்கிவிட்டது என்றுகூடப் பேச்சிருந்தது. எழுத்தில் வந்தால் அந்தப் பேச்சு நிற்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் ரைட்டர் முன்னால் போய் நின்று தலையசைத்தாள்.

சேலத்தில் தேவசிகாமணி என்று ஒருவர் நுகர்வோர் சங்கம் நடத்திவந்தார். கண்ணாயியையும் சின்னையனையும் ஆரோக்கியதாஸ் அங்கே கூட்டிப்போனார். தேவசிகாமணி சுருக்கமாகப் பேசுகிறவர்.

"வக்கீல் வேணும்னு கட்டாயம் இல்ல. கட்டணமும் இல்ல. வெள்ளைத்தாள்ல நடந்ததை நடந்தபடி எழுதுனா போதும். ஆனா சம்பவம் நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள குடுத்தாகணும். ஆபரேஷன் எப்ப?"

"தொண்ணூத்தி மூணு டிசம்பர் எட்டு" என்றார் ஆரோக்கியதாஸ்.

தேவசிகாமணி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வாரம்கூட முழுசா இல்ல. சரி, டிஸ்சார்ஜ் சீட்டு எங்க? ரசீது எங்க? அது ரெண்டும் இல்லாம, நீங்க அங்க போனதே இல்லைம்பாங்க."

சின்னையன் காதுக்குப் பின்னால் சொறிந்தான்.

"பத்திரமா இருக்குதுங்க" என்றான்.

"எங்க?"

"பெரியசாமிகிட்ட."

"அவரு எந்த பேங்க்ல இருக்காரு?" என்று கேட்டார் தேவசிகாமணி. ஆரோக்கியதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கட்டிய பிராதை அவிழ்ப்பது சாதாரணக் காரியம் இல்லை. கட்டுவதற்கு வீட்டார் யார் வாயும் போதும். அவிழ்க்கத்தான் பாதிக்கப்பட்டவரின் வாய் வேண்டும். எதிராளி பங்காளியை மடக்கிப் பிராதைக் கலைத்துவிடக் கூடாது என்பதற்காக எப்போதோ வைத்த கட்டு அது. பிராதுக்காரர் மரத்தடியில் நின்று, "என் பிராதை நானே எடுத்துக்கறேன்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். பூசாரி முப்பதடி கீழே ஒரு கல்லில், மரத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார். முகத்தைப் பார்த்தால் மனசு சாயும் என்பதால் திரும்பக் கூடாது. குரல் அவர் காதில் மூன்று முறை விழுந்த பிறகுதான் குழாய் இறங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் ஏறினார்கள். கண்ணாயி, சின்னையன், ஆரோக்கியதாஸ், பூசாரி அம்மாசி. ஆரோக்கியதாஸ் மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு, சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். அம்மாசிக்கு எழுபது வயது. கண்ணாயிக்குச் சித்தப்பா முறை. அவர் கல்லில் ஏறி முதுகைக் காட்டி நின்றார். கண்ணாயி மரத்தடிக்குப் போனாள்.

சொன்னாள். மேலே குழாய்கள் லொட்டு லொட்டென்று ஆடின. அவள் சொன்னது அவளுடைய மூக்கு நுனியைத் தாண்டவில்லை.

"கேக்கலையே" என்றார் அம்மாசி.

மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது. இருமல் வந்தது.

"கேக்கலையே கண்ணு."

"அவ சொல்றாளுங்க மாமா. நான் பாக்கறேனில்ல" என்றான் சின்னையன்.

"நீ பாத்து என்ன ஆவுது? கேக்க வேண்டியது நானு."

"ஏனுங்க பூசாரி, எழுதிக் குடுத்தா ஆகாதா? நான் எழுதறேன்" என்றார் ஆரோக்கியதாஸ்.

"சாமிக்குப் படிக்கத் தெரியாதுங்க ரைட்டரே."

"அப்ப டாக்டர் சீட்டை மட்டும் எதுக்குத் தொங்கவிட்டீங்க?"

"நீங்க மாதா கோயில்காரரு. கம்முனு இருங்க" என்றார் அம்மாசி.

நேரம் போனது. கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. முதலில் ஆரோக்கியதாஸின் வெள்ளைச் சட்டை கரைந்தது. பிறகு சின்னையன். பிறகு கல். கண்ணாயி தனியாக மரத்தடியில் நின்றாள். அவளுக்கு அந்தப் பழைய மயக்கம் ஞாபகம் வந்தது. எல்லோரும் காத்திருக்கிறார்கள், தன் முறை வந்துவிட்டது, வாயில் கொடி. இங்கேயும் அப்படித்தான். தான் இல்லை என்று நினைத்து எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்களோ? சீட்டு மரத்திலேயே தொங்கும். தேதி தாண்டிவிடும். அதற்குப் பிறகு அவள் எப்போதும் ஊமையாக இருந்தவள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

அப்போது மஞ்சுக்குள் சருகு நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு முதுகு தெரிந்தது. அம்மாசி பின்பக்கமாக நடந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஒரு கால் வைப்பார், நின்று ஊன்றிப் பார்ப்பார், அடுத்த காலை வைப்பார். முகத்தைத் திருப்பவே இல்லை.

"மாமா, கல்லை உட்டு எறங்கிட்டீங்களா?" என்று சின்னையன் சத்தம் வந்த பக்கம் ஓடிவந்து பதறினான்.

"மொகத்தத் திருப்பப்படாதுன்னுதான் கட்டு" என்று அம்மாசி மூச்சு வாங்கினார். "காலை நகத்தப்படாதுன்னு எந்தப் பாட்டன் சொன்னான்? வேரு எங்கடா இருக்குது? சொல்லு, உளுந்துருவேன்."

"எடது பக்கமுங்க. இன்னொரு தப்படி."

வெள்ளையில் மிதக்கிற மாதிரி அந்த முதுகு அவளை நோக்கி வந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். இன்னும் நெருங்கியது. அவருடைய பிடரியில் நரைமுடியில் பனித்துளி கோத்திருந்தது. கண்ணாயி அவர் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டாள். காதோரம் வாயை வைத்துச் சொன்னாள்.

"கேட்டுச்சு" என்றார் அம்மாசி.

இரண்டாம் முறை சொன்னாள்.

"கேட்டுச்சு."

மூன்றாம் முறை சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டுச்சு சாமி. நல்லாவே கேட்டுச்சு. டேய், குழாயை எறக்கு."

மெழுகை உடைத்துச் சீட்டை வெளியே எடுத்தபோது ஒரு மூலையைப் பூச்சி தின்றிருந்தது. அங்கங்கே கரும்புள்ளி விழுந்திருந்தது. ஆனால் நர்ஸ் எழுதிய வரியும், டாக்டரம்மா போட்ட கோடும், கீழே கையெழுத்தும் அப்படியே இருந்தன. ஆரோக்கியதாஸ் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கினார். கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது சேலத்தில் மனு பதிவானது.

பதில் மனு வர மூன்று மாதம் ஆயிற்று. நர்சிங் ஹோம்காரர்கள் சொன்னது இது: மனுதாரர் எஸ்டேட்டில் பல வருடமாகக் கத்திக் கத்தித் தொண்டை கெட்டுப்போனவர். சேர்க்கும்போதே அவர் குரல் அப்படித்தான் இருந்தது. ஆரோக்கியதாஸ் இதைக் களத்தில் படித்துக் காட்டியபோது கண்ணாயி கழியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். குரல் போனது ஒரு தடவை. அது எப்போதுமே இருந்ததில்லை என்று சொல்வது அதை இரண்டாம் தடவை எடுத்துக்கொள்வது போல இருந்தது.

பல வாய்தாக்கள் போயின. சேலத்துக்குப் போவதும், "இன்று இல்லை" என்று திரும்புவதுமாக ஒரு வருடம் ஓடியது. கடைசியில் விசாரணை நடந்தது. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அதில் ஒருவர் பெண். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தை வாசித்தார்கள். பிறகு ஆரோக்கியதாஸைக் கூப்பிட்டார்கள்.

"நீங்கள் தொண்டை மருத்துவரா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க. எஸ்டேட் ரைட்டர்."

"அப்புறம் அவர் குரல் நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"நான் கீழ கொட்டகையில இருப்பேனுங்க. அந்தம்மா மேல அரை மைல் தள்ளி இருக்கும். பதினாலு வருசம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் நான் சோத்து டப்பாவைத் தொறந்தேன். கெட்டுப்போன தொண்டையா இருந்தா நான் பட்டினிதானுங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரிப்பை மறைத்தார்.

அடுத்து கண்ணாயி. அவள் பேசினாள். மேலே மின்விசிறிகள் நாலும் கடகடத்தன. வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மேடைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அவள் நிறுத்திவிட்டுச் சேலை முந்தியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் உறுப்பினர் குனிந்து நீதிபதியிடம் ஏதோ சொன்னார். பிறகு பியூனைப் பார்த்து, "விசிறியெல்லாம் நிறுத்துங்க. ஜன்னலைச் சாத்துங்க" என்றார்.

விசிறிகள் மெதுவாகி நின்றன. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. பங்குனி மாதத்துச் சேலம். வக்கீல்கள் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார்கள். ஒருவரும் நாற்காலியை இழுக்கவில்லை, காகிதத்தைப் புரட்டவில்லை. கண்ணாயிக்கு ஒரு நொடி மலையில் நிற்பது போலவே இருந்தது. எல்லாச் சத்தமும் அடங்கி, ஒரு கூவலுக்காக எல்லோரும் செவி கொடுக்கிற அந்த நேரம். மிளகுக்கொடி முதல் நாவல்மரம் வரை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கனவைக்கூடச் சொன்னாள். நெற்றியில் வேர்வை வழிய அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

உத்தரவு இரண்டு மாதம் கழித்து வந்தது. மன்றத்து வராந்தாவில் நின்று ஆரோக்கியதாஸ் அதைத் தமிழில் சொன்னார். குழாய் போட்டதைக் குற்றம் என்று மன்றம் சொல்லவில்லை. குரல் இல்லை என்று நர்ஸ் எழுதி, டாக்டரிடம் தெரிவித்தும், தொண்டை டாக்டரிடம் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பியது குறைபாடு. நஷ்டஈடு தர வேண்டும். சின்னையன் எவ்வளவு என்று கேட்டான். கண்ணாயி கேட்கவில்லை. அவள் காகிதத்தில் ஒரு இடத்தில் விரலை வைத்து, இது என்ன என்று கண்ணால் கேட்டாள்.

"இதுவா? சிகிச்சைக்கு முன்னால் மனுதாரருக்கு உரத்த, தெளிவான குரல் இருந்தது என்று இம்மன்றம் முடிவு செய்கிறது."

அவள் விரலை எடுக்கவில்லை. அவர் அதை மறுபடி படித்தார்.

திரும்பும்போது ஏற்காடு பஸ்ஸில் கூட்டம். ஆண்கள் இரண்டு பேரும் பின்னால் நின்றார்கள். கண்ணாயிக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. பக்கத்தில் வெள்ளக்கடைக்குப் போகிற ஒரு அம்மாள், மடியில் கோழிக்குஞ்சுக் கூடையோடு. கண்டக்டரிடம் கண்ணாயி டிக்கெட் கேட்டதை அந்த அம்மாள் கவனித்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, தொண்டை கட்டியிருக்குதுங்களா? பனங்கற்கண்டு நொம்ப நல்லதுங்க" என்றாள்.

இந்தக் கேள்விக்குக் கண்ணாயி எப்போதும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள். மூன்றரை வருடமாகச் சந்தையிலும் பஸ்ஸிலும் அப்படியே ஆட்டிப் பழகிவிட்டாள். அதுதான் சுலபம். இப்போதும் தலை பாதி அசைந்தது. பிறகு நின்றது.

"இல்லீங்க. கட்டலீங்க" என்றாள்.

அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்பி முனகியது. மேலே எங்கேயோ மஞ்சு ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பி ஈரமாக இருந்தது. அந்த அம்மாள் கூடையைக் கால்மாட்டில் இறக்கி வைத்துவிட்டு, தோடு கண்ணாயியின் கன்னத்தில் படுகிற அளவுக்குத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.

கண்ணாயி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.